ஆளில்லா விமானமும் ஆளில்லா நிலமும்

பறப்புச் சிமுலேற்றர்களின் 'யதார்த்தம்' பற்றிச் சில கேள்விகள்

1

நாவலை விமர்சிக்கிறோம். கவிதை குறித்துச் சண்டை பிடிக்கிறோம். நாடகத்துக்கும் சினிமாவுக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆனால் எமது வீடுகளில் இன்று இவை எல்லாவற்றையும்விட அதிக நேரத்தை எடுத்துக்கொள்ளும் கணனி விளையாட்டைப் பற்றி எம்மவர் மத்தியில் இரண்டு அபிப்பிராயங்களே உலவுகின்றன. 'இது பிள்ளைகளைக் கெடுத்துவிடும்' என்பது ஒன்று. 'இதனால் மூளை கூர்மையடையும், நாளைக்கு என்ஜினியராக வரலாம்' என்பது மற்றது. இரண்டுமே விளையாட்டினால் விளையக்கூடிய நன்மை தீமைகளைப் பற்றியவை. ஒரு விளையாட்டு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது, எந்த இடத்தில் எம்மை இருத்தி உலகத்தைப் பார்க்கச் சொல்கிறது என்ற கேள்விகள், அதாவது ஒரு படைப்பை நோக்கி விமர்சனம் எழுப்பவேண்டிய கேள்விகள், இவற்றில் இல்லை.

இவ்விரு தரப்பாரும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. அதுதான் பறப்புச் சிமுலேற்றர். அதில் சுடுவதில்லை, இரத்தமில்லை, எதிரியில்லை. வானிலையையும் புவியியலையும் பௌதிகத்தையும் கூடவே படித்துக்கொள்ளலாம். ஆகவே இது ஒரு 'நல்ல பிள்ளை' விளையாட்டு. இதன் அண்மைக்காலக் கிளைகளில் ஒன்று ஆளில்லா விமானங்களின் மாதிரியுருக்களைப் பறக்கவிடுவது. ட்றோன் என்று இன்று எல்லோரும் அழைக்கும் அந்த யந்திரத்தின் நீள அகலம், எடை, என்ஜினின் வலு அனைத்தையும் கணித்து அமைத்த மாதிரியுருவைத் திரையில் ஏற்றி ஓட்டலாம். 'அசலைப் போலவே இருக்கிறது' என்பதே அதற்குக் கிடைக்கக்கூடிய அதியுயர் பாராட்டு.

அந்தப் பாராட்டைத்தான் இக்கட்டுரை பரிசீலிக்க விரும்புகிறது. அசலைப் போல என்றால், யார் கண்ட அசல்? இந்த யந்திரத்தைத் திரையில் காண்பதற்கு நெடுங்காலம் முன்னரே தலைக்கு மேல் கேட்டுப் பழகிய சமூகம் நாம். எனவே இதுபற்றிப் பேச எமக்குத் தனியான உரிமையும் பொறுப்பும் உண்டு.

2

சிமுலேற்றர் உலகில் 'யதார்த்தம்' என்ற சொல்லுக்கு ஒரு குறிப்பிட்ட பொருள் இருக்கிறது. புரூஸ் ஆர்ட்விக் 1980 அளவில் அப்பிள் கணனிக்கென எழுதிய பறப்புச் சிமுலேற்றரில் நிலம் என்பது சில கோடுகள் மட்டுமே. 1982இல் அது மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தது. 'இதைவிட மெய்யாக்க முடியாது' என்ற பொருள்பட அந்நிறுவனம் பின்னர் விளம்பரமும் செய்தது. 'எக்ஸ்-பிளேன்' இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று செலுத்தும் விசையை விநாடிக்குப் பல தடவை கணிக்கிறது. எவரும் இலவசமாகப் பெற்றுப் பிரித்துத் திருத்தக்கூடிய 'பிளைற்கியர்' சிமுலேற்றரில் ஒரு விமானம் என்பது அடிப்படையில் எண்களின் அட்டவணை: இந்தக் கோணத்தில் மூக்கை உயர்த்தினால் இவ்வளவு தூக்குவிசை, இவ்வளவு இழுவை. அட்டவணை எவ்வளவுக்குச் சரியோ அவ்வளவுக்கு அது யதார்த்தம். அதாவது, யந்திரத்துக்கும் காற்றுக்கும் இடையிலான உறவு பிசகாமல் இருப்பதே இங்கு யதார்த்தம் எனப்படுகிறது.

பயணிகள் விமானத்தைப் பொறுத்தவரை இந்த அளவுகோலில் ஒரு குறை எப்போதும் இருந்துவந்தது. வீட்டுக் கதிரை அசைவதில்லை. வயிறு புரள்வதில்லை. விழுந்தால் சாவதில்லை. அசலுக்கும் நகலுக்கும் இடையில் விமானியின் உடல் நின்றது. ஆளில்லா விமானம் வந்ததும் அந்த இடைவெளி மறைந்தது. அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்திலுள்ள கிறீச் தளத்தில் ஓர் அறையில் இருந்தபடி ஆப்கானிஸ்தான் வானில் 'பிறிடேற்றர்' விமானத்தை ஓட்டியவரும் கதிரையில் இருந்து திரையைப் பார்த்தே ஓட்டினார். அவர் வயிறும் புரளவில்லை. அவரும் விழுந்து சாகவில்லை. வேறெந்த விமானத்தையும்விட ஆளில்லா விமானத்தில் அசலும் நகலும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன என்பதை மறுக்கமுடியாது.

இவ்வளவு நெருங்கி வந்த பிறகும் அடிப்படையில் ஒரு பொய் எஞ்சியிருக்கிறது என்பதே எனது வாதம். அதை விளக்க எமது அயலிலேயே பிறந்த ஓர் உதாரணம் உண்டு.

3

மெல்பேணின் தென்கிழக்கே, எம்மவர் பலரும் வாழ்ந்து பழகிய கிளேற்றனுக்கு அடுத்துள்ள நோட்டிங்கில் பகுதியில் இயங்கிய நிறுவனமொன்றின் சிறிய ஆளில்லா விமானம் 'ஏரோசொண்ட்'. இறக்கை அகலம் ஏறத்தாழ 2.9 மீற்றர். எடை பதின்மூன்று, பதினான்கு கிலோ. பின்புறம் ஒரு சிறு பெற்றோல் என்ஜின். சில்லுகள் கிடையாது, ஓடும் காரின் கூரையிலிருந்து ஏவி, வயிற்றால் தரையிறக்குவார்கள். இது போருக்கென உருவானதல்ல. கடல்களின் மேல் வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் அளந்து வரவேண்டும் என்ற வானிலையாளரின் தேவையிலிருந்து பிறந்தது. 1998 ஓகஸ்ட் 20, 21ஆம் திகதிகளில் 'லைமா' எனப் பெயரிடப்பட்ட ஏரோசொண்ட் ஒன்று கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து ஸ்கொத்லாந்தின் மேற்கிலுள்ள தீவொன்றுக்கு 3,270 கிலோமீற்றரை இருபத்தாறே முக்கால் மணித்தியாலத்தில் கடந்தது. செலவான எரிபொருள் ஆறு லீற்றருக்கும் குறைவு. அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டிய முதலாவது ஆளில்லா விமானம் அதுவே. 2005இல் ஒபீலியா என்ற புயலுக்குள்ளும் ஏரோசொண்ட் புகுந்து அளவெடுத்தது.

இந்த விமானத்துக்குத் திரையில் இன்னொரு வாழ்வு உண்டு. 'ஏரோசிம்' என்ற மென்பொருள் தொகுதியில் இதன் முழுமையான மாதிரியுரு இடம்பெற்றது. அதன் பறப்பைப் பிளைற்கியர் திரையிலோ மைக்ரோசொவ்ற் சிமுலேற்றர் திரையிலோ காணக்கூடியதாக இருந்தது. றன்டல் பியர்ட், திமொத்தி மக்லெயின் என்ற இரு பேராசிரியர்கள் சிறு ஆளில்லா விமானங்கள் பற்றி 2012இல் வெளியிட்ட பாடநூலும் ஏரோசொண்டின் எண்களையே பின்னிணைப்பில் தருகிறது. மெல்பேணில் பிறந்த இந்தக் குருவியை நேரில் காணாத மாணவர்கள் இன்று பல நாடுகளிலும் அதைத் திரையில் பறக்கவிட்டுப் பரீட்சை எழுதுகிறார்கள்.

மாதிரியுரு என்ற அளவில் இது அழகான வேலை. பாரமற்ற யந்திரம் காற்றில் எப்படி அல்லாடும், பக்கக்காற்று வீசும்போது மூக்கை எவ்வளவு திருப்பிப் பிடிக்கவேண்டும், மெதுவாகப் போனால் எந்தக் கணத்தில் விழும் என்பதையெல்லாம் ஓட்டிப்பார்ப்பவர் விரல்களால் உணர்கிறார். அதில் ஓர் ஆனந்தம் இருக்கிறது. பட்டம் ஏற்றி வளர்ந்தவர்களுக்கு அந்த ஆனந்தத்தை விளக்கத் தேவையில்லை.

ஆனால் 'அசலைப் போல' என்ற இடத்தில்தான் சிக்கல். அசல் ஏரோசொண்டை அத்திலாந்திக் மேல் எவரும் ஜோய்ஸ்ரிக் பிடித்து ஓட்டவில்லை. போகவேண்டிய இடங்களைக் குறித்துக் கொடுத்தார்கள். அது தானாகவே போனது. பெரும்பாலான ஆளில்லா விமானங்களின் நாளாந்தம் இதுதான். பறப்பதை யந்திரம் பார்த்துக்கொள்கிறது. மனிதர் செய்வது வேறு: கமராவைத் திருப்புவது, ஒரு வீட்டை, ஒரு சந்தியை, ஒரு வரிசையை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது, கண்டதற்குப் பெயரிடுவது. பிறிடேற்றரில்கூட ஓட்டுபவருக்குப் பக்கத்தில் கமராவை இயக்குபவர் என ஒருவர் இருப்பார். பறத்தல் ஆளில்லா விமானத்தின் வழி. பார்த்தலே அதன் தொழில். சிமுலேற்றரோ இறக்கையை அச்சொட்டாகச் செய்துவிட்டுக் கண்ணை விட்டுவிடுகிறது.

ஏரோசொண்டின் பிற்கால வரலாறே இதற்குச் சாட்சி. 2003இல் அவுஸ்திரேலிய இராணுவம் சொலமன் தீவுகளில் அதை வேவுக்குப் பயன்படுத்தியது. 2006இல் நிறுவனம் அமெரிக்க ஆயுத உற்பத்தியாளர் ஒருவரின் கைக்கு மாறியது. 2012இல் அதன் பெரிய வடிவமொன்றை அமெரிக்கக் கடற்படையும் சிறப்புப் படைகளும் வேவுச் சேவைக்கு எடுத்துக்கொண்டன. பறப்பு விதிகள் மாறவில்லை. மாறியது, எதைப் பார்ப்பதற்குப் பறக்கிறது என்பதே. புயலைப் பார்த்த விமானத்துக்கும் மனிதரைப் பார்க்கும் விமானத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அட்டவணையில் எங்கும் இல்லை.

4

அடுத்த கேள்வி, கீழே என்ன இருக்கிறது என்பது.

மைக்ரோசொவ்ற்றின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு செய்மதிப் படங்களையும் வான்படங்களையும் கொண்டு முழுப் பூமியையும் விரித்துக் காட்டுகிறது. பிரமிக்கத்தக்க சாதனைதான். சிட்னித் துறைமுகத்தின் மேல் பறக்கலாம். விரும்பினால் முல்லைத்தீவுக்கும் போகலாம். நந்திக்கடல் இருக்கும். அதற்கும் பெருங்கடலுக்கும் இடையில் அந்த ஒடுங்கிய மணல்திட்டு இருக்கும். வீடுகளையும் மரங்களையும் பெருமளவுக்குக் கணனியே ஊகித்து நாட்டிவைக்கிறது. வெயிலும் மேகமும் அன்றைய நாளுக்குரியனவாகவே இருக்கும். அந்தப் பதிப்பில் ஆபிரிக்க வெளிகளில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும்கூட உண்டு. ஊர்களில் மனிதர் மட்டும் இல்லை.

பயணிகள் விமானத்தை ஓட்டுபவருக்கு இது குறையல்ல. முப்பதாயிரம் அடியில் அவருக்கு மனிதர் தேவைப்படுவதில்லை. ஆனால் மனிதரைப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு யந்திரத்தை மனிதரில்லாத நிலத்தின் மேல் பறக்கவிட்டு, அதை யதார்த்தம் என்று அழைப்பது எவ்வாறு? மீனில்லாத கடலில் வலை வீசுவதைப் போன்ற காரியம் அது. வலை நல்ல வலைதான், வீச்சும் சரிதான். ஆனால் அது மீன்பிடி அல்ல. ஆளில்லா விமானத்தின் கீழே ஆளில்லா நிலம் விரிக்கப்படும்போது, விளையாட்டின் 'நல்ல பிள்ளை'த்தனம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. சுடாததால் அது அப்பாவியாக இல்லை. பார்க்கப்பட வேண்டியவர்களை முன்கூட்டியே அகற்றிவிட்டதால் அப்பாவியாக இருக்கிறது.

5

கீழே இருந்தவர்களிடம் வேறோர் அறிவு இருந்தது. அது காதின் அறிவு.

1990களில் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறு பிள்ளையும் சத்தத்தை வைத்தே ஹெலியா, பொம்மரா, சகடையா என்று சொல்லும். 1996க்குப் பிறகு கிபிரின் சத்தமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டில்தான் இலங்கை விமானப்படை இஸ்ரேலிடமிருந்து 'சூப்பர் ஸ்கவுட்' ஆளில்லா விமானங்களைப் பெற்றது. பின்னர் 'சேர்ச்சர்' வந்தது. வன்னி மக்கள் அதற்கு வைத்த பெயர் 'வண்டு'. உருவத்தைக் கண்டு வைத்த பெயரல்ல. உயரத்தில் அது கண்ணுக்கு எளிதில் அகப்படாது. இரைச்சலைக் கேட்டு வைத்த பெயர். வண்டு சுற்றினால் பின்னால் ஷெல்லோ கிபிரோ வரலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. அடுப்பை அணைப்பதும், வெளியில் காயும் உடுப்பை இழுத்தெடுப்பதும், ஆட்கள் கூடி நில்லாமல் கலைவதும் அந்தச் சத்தத்துக்கான பதில்கள். எதுவும் வராமல் நாள் முழுக்கச் சத்தம் மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பதும் உண்டு. அந்தக் காத்திருப்பும் ஆயுதத்தின் ஒரு பகுதியே.

இயங்கும் விமானத்தை இரண்டு விதமாக அறியலாம்: திரையில் ஊமைப் படமாக, அல்லது வானத்தில் உருவமற்ற சத்தமாக. மேலிருப்பவருக்குச் சத்தம் கேட்பதில்லை. கீழிருப்பவருக்குப் படம் தெரிவதில்லை. இரண்டும் சேர்ந்ததே அசல். சிமுலேற்றர் முதலாவதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முழுமைக்கு உரிமை கோருகிறது.

6

மேலிருந்து பார்ப்பதே குற்றம் என்று நான் வாதிடவில்லை. 2009இல் வெளியே கசிந்த ஐ.நா.வின் செய்மதிப் படங்கள்தான் பாதுகாப்பு வலயத்துக்குள் விழுந்த குண்டுக் குழிகளை உலகுக்குக் காட்டின. மேலிருந்த கண் அங்கு சாட்சியாயிற்று.

அதே ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி இன்னொரு படமும் வந்தது. புதுமாத்தளனிலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் வெளியேறுவதை விமானப்படையின் ஆளில்லா விமானம் எடுத்த காட்சி எனக் கூறி அரசு அதை வெளியிட்டது. உலகத் தொலைக்காட்சிகள் அதை ஒளிபரப்பின. புள்ளிகளாக, கோடுகளாக, எறும்பு வரிசையாக மனிதர் நகர்ந்தனர். மருத்துவமனைகள் மீதும் பாதுகாப்பு வலயங்கள் மீதும் அரச படைகள் எறிகணை வீசியதான குற்றச்சாட்டுக்கள் நம்பகமானவை என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறியது. தப்ப முயன்றவர்களைப் புலிகள் சுட்டதான குற்றச்சாட்டுக்களையும் அவ்வாறே கூறியது. படத்தில் இரண்டும் இல்லை. சத்தமும் இல்லை. ஆனால் இவ்வளவு தெளிவாகப் பார்க்கக்கூடிய ஒரு கண் மேலே இருந்தது என்பதற்கு அந்தப் படமே சான்று. கண்டிருக்க முடியாது என்ற சாட்டு அதன் பின் எவருக்கும் இல்லை.

இங்கு எமக்கும் ஒரு கேள்வி உண்டு. மெல்பேணிலும் சிட்னியிலும் இருந்து அந்தப் படத்தைப் பார்த்த நாம் எந்தக் கதிரையில் இருந்தோம்? கமரா யாருடையதோ அவர் இருந்த கதிரையில். புள்ளிகளுக்குள் சொந்தக்காரரைத் தேடியதால் எமது பார்வை வேறு என்று சொல்லலாம், அது உண்மையும்தான். ஆனால் 2007 மார்ச் 26ஆம் திகதி கட்டுநாயக்கவில் புலிகளின் சிறு விமானங்கள் குண்டு போட்ட செய்தி கேட்டு எம்மில் எத்தனை பேர் மேலிருந்தவரின் கண்ணாலேயே அந்த இரவைக் கற்பனை செய்தோம்? எந்தக் கொடி என்பது மாறினாலும் கதிரை மாறுவதில்லை. சிமுலேற்றர் பழக்குவது விமானம் ஓட்ட அல்ல, அந்தக் கதிரையில் இயல்பாக இருக்க.

இது முடிந்துபோன கதையுமல்ல. சேர்ச்சரைத் தயாரித்த அதே இஸ்ரேலிய நிறுவனத்தின் 'ஹெரன்' விமானங்களை அவுஸ்திரேலிய விமானப்படை 2010 முதல் 2014 வரை கந்தகாரில் இயக்கியது. ஆட்கடத்தல் போன்ற குற்றங்களைத் தடுப்பதற்கென 2021இல் அவுஸ்திரேலிய அரசு இலங்கைப் பொலிசுக்கு ஐந்து ட்றோன்களை அன்பளிப்புச் செய்தது. 2024இல் கடற்கண்காணிப்புக்கான முதலாவது 'ட்றைற்றன்' அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தது. படகில் வந்தவர்களும் வர முனைந்து மறிக்கப்பட்டவர்களும் எம்மிடையே இருக்கையில், மேலே இருப்பது யாருடைய கண் என்ற கேள்வி எமக்குப் பொழுதுபோக்கு அல்ல.

7

வேறு வழியில் சிந்தித்தவர்களும் இருக்கிறார்கள். மொலெயின்டஸ்ரியா குழுவினர் 2012இல் வெளியிட்ட 'அன்மான்ட்' என்ற சிறு விளையாட்டு பறப்பு விதிகள் எதையும் கணிக்கவில்லை. ஆளில்லா விமானம் ஓட்டும் ஒருவர் காலையில் முகம் வழிப்பது, வேலைக்குக் கார் ஓட்டிப்போவது, திரைமுன் இருப்பது, மகனோடு கணனி விளையாட்டு விளையாடுவது என்று ஒரு நாளைக் காட்டுகிறது. கோட்டுச் சித்திரம் போன்ற அந்த விளையாட்டில், லட்சக்கணக்கான எண்களைக் கணிக்கும் சிமுலேற்றரைவிட அசலின் வாடை அதிகம். எனினும் அதுவும் கதிரைக்காரரின் கதையே. அவரது மனச்சாட்சியின் கதை. ஜேர்மனியத் திரைப்படக் கலைஞர் ஹாருன் பறொக்கி 2010இல் செய்த ஒரு படைப்பு இன்னும் நுட்பமானது. போருக்குப் போகும் அமெரிக்கச் சிப்பாயைப் பயிற்றும் கணனிக் காட்சியில் பொருட்களுக்கு நிழல் விழுகிறது. போரால் மனம் பாதிக்கப்பட்டுத் திரும்பியவருக்குச் சிகிச்சை தரும் காட்சியில் நிழல் இல்லை, காரணம் அது மலிவான தயாரிப்பு என்பதை அவர் எடுத்துக்காட்டினார். யதார்த்தத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை எதற்காகக் கொடுப்பது என்று யாரோ தீர்மானிக்கிறார்கள்.

எனவே கோரிக்கை, பிள்ளைகளின் கையிலிருந்து சிமுலேற்றரைப் பறிப்பதல்ல. அதன் அளவுகோலைப் பெரிதாக்குவது. தொழில்நுட்பம் தடையில்லை. பெரும்பாலான சிமுலேற்றர்களில் விமானத்துக்கு வெளியே நிலத்தில் நின்று பார்க்கும் 'கோபுரக் காட்சி' ஏற்கெனவே உண்டு. நெருங்கும்போதும் விலகும்போதும் சத்தத்தின் சுருதி மாறுவதையும் அவை கணிக்கின்றன. பிளைற்கியர் எவரும் திருத்தக்கூடியது. எமது இளைஞர்களில் கணனி கற்றோர் தொகை சிறிதல்ல. விமானத்தைக் குறித்த உயரத்தில் வட்டமிட விட்டுவிட்டு, காட்சியைக் கீழே ஒரு முற்றத்துக்கு இறக்கி, ஓட்டுபவரை அங்கே பதினெட்டு மணித்தியாலம் நிறுத்திவைக்கும் ஒரு மாதிரியுருவை அவர்கள் செய்யட்டும். திரையில் வானத்தைத் தவிர எதுவும் தெரியாது. சலிப்பாக இருக்கும். புள்ளிகள் கிடையா, வெற்றி கிடையாது. சத்தம் மட்டும் நிற்காது.

அதையும் ஓட்டிப்பார்த்த பிறகு ஒருவர் 'அசலைப் போலவே இருக்கிறது' என்று சொல்வாராயின், அந்தப் பாராட்டை ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.